அழுகலில் விளையும் அமுது

நுழையும்முன்

உதிர்ந்தவையும் அழுகியவையும் பயனற்றவை என்பது பொதுவான எண்ணம். நீருக்கடியில் வாழும் சிப்பிகளின் வாழ்வோ அவ்வெண்ணத்தை மாற்றுகிறது.

தருமபுரி மாவட்டத்திற்குக் கடல் இல்லை, காவிரி உண்டு. ஒகேனக்கல்லில் பாறைகளினூடே ஆர்ப்பரித்து வீழும் நீர், பின்னர் அமைதியுற்று மேட்டூர் நோக்கிச் செல்கிறது. காவிரியின் சேற்றுப் பகுதிகளில் நன்னீர் மட்டிகள் பாதி புதைந்து வாழ்கின்றன. காலில் இடறினால் கல்லென்றே தோன்றும். இரையைத் தேடி ஓடாத இவ்வுயிருக்கு நீரே உணவைக் கொணர்கிறது. நுண்பாசிகளோடு, கரைமரங்கள் உதிர்த்த இலைகள் மட்கிய துகள்களும் அதன் உணவாகின்றன.

ஆற்றில் நிகழும் இவ்வுணவாக்கம் கடலில் பேரளவில் நடைபெறுகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த ஆழமற்ற கடலில் கட்டக்கோரை, கஞ்சிப்பாசி முதலியன செழித்து வளர்கின்றன. அலைகள் அறுத்தெறியும் பாசி அழுகத் தொடங்கியதும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் அதில் குடியேறுகின்றன. அவை நீரிலுள்ள நைட்ரஜனை ஈர்த்துத் தம் உடலில் புரதமாக மாற்றுகின்றன. ஆகவே, பாசி சிதையச் சிதைய, அதன் துகள்களில் சத்து மிகுகிறது. கடினமான பாசியை உண்ண இயலாத சிப்பிக்கு, நுண்ணுயிர் போர்த்த அத்துகள் நல்லுணவாகிறது.

சிப்பியின் செவுள்களில் எண்ணற்ற குறுஇழைகள் உள்ளன. அவற்றின் அசைவால் நீர் உள்ளே வருகிறது. செவுளின் வழவழப்பான கோழையில் துகள்கள் சிக்குகின்றன. வாயருகே உள்ள மடல்கள் அவற்றைத் தரம்பிரித்து, ஏற்றவற்றை உள்ளே அனுப்பி, ஏனையவற்றை வெளியே தள்ளுகின்றன. வளர்ந்த சிப்பி ஒன்று ஒரு மணி நேரத்தில் பல லிட்டர் நீரைச் சலிக்கவல்லது. சலிப்பதில் அதற்குச் சலிப்பே இல்லை!

எனினும், அச்சல்லடைக்கும் எல்லை உண்டு. ஆற்றில் விழும் இலை மட்கி உணவாகும். அதே ஆற்றில் குளிக்க வந்தவர் வீசிய ஷாம்பு உறை மட்குவதில்லை. அது நொறுங்கி நொறுங்கி, உணவுத்துகளின் அளவை அடைகிறது. அவற்றுள் சிலவற்றைச் சிப்பி விலக்கினாலும், வேறு சில அதன் உடலுக்குள் சென்றுவிடுகின்றன. பல கடல்களின் சிப்பிகளில் இத்தகைய நெகிழித்துகள்கள் கண்டறியப்பட்டுள்ளன.

அழுகுவது இயற்கையின் குறையன்று. அடுத்த உயிருக்கான சமையல். அழுக மறுக்கும் பொருளே நீருக்குச் சுமை. ஒகேனக்கல்லில் கைவிட்ட ஓர் உறை காவிரியின் வழியே கடல்வரை செல்லக்கூடும். அதனைக் கரையிலேயே தடுப்பது மனிதர் கையில் உள்ளது. நீருக்குள் வந்தபின் விலகியோட மட்டிக்குக் கால்கள் இல்லை.