மூன்றில் ஒரு பங்கு

பக்கத்து வீட்டுப் பையன் கால்குலேட்டரில் ஒன்றை மூன்றால் வகுத்தான். வந்ததை அப்படியே மூன்றால் பெருக்கி என்னிடம் நீட்டினான். 0.9999999. “மாமா, மிச்சம் எங்க போச்சு?”

மிஷினில் எட்டு இலக்கத்துக்குத்தான் இடம். மற்றதை வெட்டிவிட்டது என்றேன். “வெட்டாம முடிவில்லாம போட்டா?” என்றான். அப்போது அது சுத்தமாக ஒன்றேதான். குறைகிறது என்றால் எவ்வளவு குறைகிறது என்று சொல்ல வேண்டும். எவ்வளவு சின்னத் தொகையைச் சொன்னாலும், ஒன்பதுகள் அதற்குள் அதைத் தாண்டிப் போயிருக்கும். பையன் தலையாட்டினான், நம்பினானா என்பது வேறு விஷயம்.

மூன்றில் ஒன்றின் மேல் குற்றமில்லை. வம்பெல்லாம் பத்தால் வருவது. இரண்டும் ஐந்தும் பத்தைச் சரியாக வகுக்கும், மூன்று வகுக்காது. நம் முன்னோர் கணக்கு மட்டும் தப்பித்ததா என்றால், அதுவும் இல்லை. மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. 320-க்குள்ளும் மூன்று அடங்காது. கால், மா, அரைமா, அரைக்காணி நான்கையும் கூட்டிப் பாருங்கள்: மூன்றில் ஒன்றை நெருங்கிவிடுவோம், முந்திரியில் மூன்றில் இரண்டு பங்கு குறையும். விடாமல் அந்த முந்திரியையும் 320 கீழ்முந்திரியாக உடைத்தால் 213 எடுக்கலாம். அதற்கு மேல் இன்னும் ஒரு கீழ்முந்திரியில் மூன்றில் ஒன்று வேண்டும். புறப்பட்ட இடத்துக்கே வந்தாயிற்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிரம்படியோடு இதை மனப்பாடம் செய்தவர்கள் நம்மைவிடப் பொறுமைசாலிகள்.

காசு விஷயத்தில் பழைய ஆட்கள் கெட்டி. சென்னைக் கணக்கில் நட்சத்திர வராகனுக்கு 42 பணம். மூன்று பேர் பிரித்தால் ஆளுக்குப் பதினான்கு. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி, ஆக 192. ஆளுக்கு ஐந்தணா நாலு தம்பிடி, சண்டையே இல்லை. 1957 ஏப்ரல் முதல் தேதி நூறு நயா பைசா வந்தது. அன்றிலிருந்துதான் அண்ணன் தம்பி மூவரில் ஒருவனுக்கு ஒரு பைசா கூடுதல்.

வராகன் என்றதும் எங்கள் ஊர்க்காரனுக்கு நினைவு வருவது பாளையக்காரர் கட்டபொம்மனின் கப்பப் பாக்கி. 1798 மே மாதக் கணக்கில் கம்பெனியார் எழுதியது 3310 வராகன். செப்டம்பரில் ராமநாதபுரத்தில் அவர் கலெக்டர் ஜாக்சன் துரையைப் பார்த்த நேரத்தில் நின்றது 1080. கழித்துப் பார்த்தால் 2230 கட்டியாகிவிட்டது; கழித்தலில் எவனும் பிழை காண முடியாது. 3310 என்று தொடங்க அவர்களுக்கு என்ன பாத்தியதை? 1792-இல் ஆற்காட்டு நவாபிடம் எழுதி வாங்கிய ஒப்பந்தம். பாளையக்காரரை யாரும் கேட்கவில்லை. 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மனுக்குக் கயத்தாற்றில் தூக்கு.

இங்கிருந்து கிழக்கே கடற்கரைக்குப் போனால் மூன்றில் ஒன்றை வேறு மாதிரி தீர்த்திருக்கிறார்கள். மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் எடுத்த சிப்பியில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளியாட்களுக்கு. ஏலம் ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று போகும். ஆயிரத்தை மூன்றால் வகுத்தால் ஒரு சிப்பி மிஞ்சும். எண்ணிக்கை சரியாக வகுபட்டாலும் பயனில்லை. ஒரு சிப்பி பெரிசு, ஒன்று சிறிசு. நூறு சிப்பியைத் திறந்தும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம், மிஞ்சிய அந்த ஒன்றில் ஆணிமுத்து இருக்கலாம். இலங்கைக் கரையில் மறிச்சுக்கட்டியில் நடந்ததைப் பாருங்கள். தோணி கரை சேர்ந்ததும் குளியாட்களே அடைப்புக்குள் சிப்பியை மூன்று குவியலாகக் குவிப்பார்கள். குளியாள் பங்கு எந்தக் குவியல் என்று காட்டுவது மட்டும் அதிகாரி. தனக்கு எது வரும் என்று தெரியாதவன் ஒரு குவியலில் நல்லதாகப் பார்த்து ஒதுக்க மாட்டான். தசமப் புள்ளி இல்லாமல், மிச்சமும் இல்லாமல், மூன்றில் ஒன்று மணலில் கிடந்தது. எனக்குத் தெரிந்து இதைவிட நேர்த்தியான வகுத்தல் கிடையாது.

குவியலை விட்டு முத்துக்கு வந்தால் கூட்டலே தடுமாறும். முத்துகளை முதலில் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலிப்பார்கள். பெரிய முத்து தங்கும் சல்லடைக்கு இருபது ஓட்டை, பொடி முத்து தங்குவதற்கு ஆயிரம். பிறகு மஞ்சாடிக் கணக்கில் நிறுப்பார்கள். எடையை எடையாலேயே பெருக்கி, அதில் முக்கால் எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது செவ்வு. விலை பேசியது அதை வைத்துத்தான். ஒவ்வொன்றும் ஒரு மஞ்சாடி எடையுள்ள முத்து இரண்டு இருந்தால் செவ்வு ஒன்றரை. இரண்டு மஞ்சாடியில் ஒரே முத்து என்றால் மூன்று. தராசில் இரண்டும் ஒன்று. விலையில் ஒன்றுக்கு இரண்டு மடங்கு மற்றது. எடை கூட்டினால் கூடுகிற சாமான். முத்தின் அருமை அப்படியல்ல. ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பதை முத்து வாங்கும் செட்டியார் மறுக்கவில்லை; எதைக் கூட்டலாம், எதைக் கூட்டக் கூடாது என்பதைத் தெரிந்துவைத்திருந்தார். தூத்துக்குடிக் கடலில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. பையனின் கணக்குப் புத்தகத்தில் வட்டி இருக்கிறது, லாப நட்டம் இருக்கிறது, செவ்வு இல்லை.