தப்பு யார்மேல் என்று கேட்காத சட்டம்

என்னிடம் வரும் குடும்பங்களில் பல, பேச்சை ஒரே மாதிரித்தான் தொடங்குகின்றன. “தப்பு நம்ம பையன் மேலதானுங்க. ஓடற வண்டில ஏறப் போயிருக்கான். இதுக்குப் போயி பணம் கேட்டா நல்லாருக்குங்களா?” கோவையில் போத்தனூர், குறிச்சி, வெள்ளலூர், சுந்தராபுரம் பக்கத்து மனிதர்கள். உழைத்தே சாப்பிட்டவர்கள், கை நீட்டிப் பழகாதவர்கள். கால் போன மகனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வரும்போதே அவன்மேல் தீர்ப்பையும் எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

ரயில் விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தும் வக்கீல் நான். சட்டப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் அந்தத் தீர்ப்பை அவர்கள் மனதிலிருந்து இறக்கியாக வேண்டும். “அது இங்க கேக்கற கேள்வியே இல்லீங்கம்மா. பையன் டிக்கெட் எடுத்தானுங்களா? வண்டில இருந்து விழுந்தானுங்களா? இந்த ரெண்டும்தானுங்க முக்கியம்” என்று சொல்வேன். ஆறுதலுக்காகச் சொல்வதில்லை. சட்டமே அப்படித்தான் இருக்கிறது.

1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் 1994இல் 124ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஓடும் வண்டியிலிருந்து பயணி தவறி விழுவதும், வண்டியிலோ நடைமேடையிலோ காத்திருப்பு அறையிலோ கொள்ளை, கலவரம், தாக்குதல் போன்றவற்றுக்கு ஆளாவதும் இதில் ‘அசம்பாவிதம்’ என்ற கணக்கில் வரும். ரயில்வேயின் பக்கம் தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இழப்பீடு தர வேண்டும். பிளாட்பார டிக்கெட் வைத்திருப்பவரும் பயணிதான். தற்கொலை, தானே வருவித்துக்கொண்ட காயம், சொந்தக் குற்றச்செயல், போதையிலோ சித்தம் கலங்கிய நிலையிலோ செய்த காரியம், இயற்கையான நோய் ஆகியவை மட்டும் விலக்கு.

இந்த விலக்குகளுக்குள் பயணியின் கவனக்குறைவையும் நுழைக்க ரயில்வே தரப்பு எப்போதும் முயலும். உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூன்று முறை அடைத்திருக்கிறது. கேரளத்தில் வண்டியில் ஏற முயன்று விழுந்து இறந்த ஒரு பெண்ணின் வழக்கில் (பிரபாகரன் விஜயகுமார் தீர்ப்பு என்று நாங்கள் குறிப்பிடுவது அதைத்தான்) ஏறும்போது விழுவதும் இந்தப் பிரிவுக்குள் வரும் என்று 2008இல் சொன்னது. திறந்த கதவருகே நிற்பது கவனக்குறைவாக இருக்கலாம், குற்றச்செயல் ஆகாது என்றது 2010இல். டிக்கெட் கிடைக்கவில்லை என்பதாலேயே ஒருவர் பயணி இல்லை என்று ஆகிவிடாது என்றது 2018இல், ரீனா தேவி வழக்கில். தன் கவனக்குறைவால் பட்ட காயத்தைத் தானே வருவித்துக்கொண்ட காயம் என்று சொல்ல முடியாது, அதற்கு அந்த எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு தெளிவாக்கியது. என்னிடம் வரும் குடும்பங்கள் மகன்மேல் சுமத்தும் பழிக்கு இந்த வழக்குகளில் இடமே இல்லை.

போத்தனூர்க்காரனுக்கு இந்தச் சட்டத்தின் அருமை கூடுதலாகத் தெரிய வேண்டும். 1921 நவம்பரில் மலபார் கிளர்ச்சிக் கைதிகள் நூறு பேரைத் திரூரில் ஒரு சரக்குப் பெட்டியில் அடைத்து பெல்லாரி சிறைக்கு அனுப்பினார்கள். பெட்டியைத் திறந்தது எங்கள் போத்தனூர் ஸ்டேஷனில்தான். மூச்சுத்திணறி 56 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். பிறகும் பலர் இறந்தார்கள். நாப் என்ற அதிகாரியின் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. நஷ்டஈட்டுக்கு அன்று இருந்தது 1855ஆம் ஆண்டுச் சட்டம். எதிராளியின் தவறைக் குடும்பம் நிரூபித்தாக வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆளையும் இழந்து, தவறை நிரூபிக்கும் சுமையையும் தூக்க வேண்டியிருந்த அந்தக் காலத்திலிருந்து 124ஏ வரை நாம் வந்திருக்கிறோம். இழப்பீட்டைக் கேட்பது கை நீட்டுவது ஆகாது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் வழக்குகள் தோற்கின்றன. தோற்பது பெரும்பாலும் முதல் நாள் காகிதத்தில்.

நம் ஊரில் ரயிலால் வரும் எந்தக் காயத்தையும் ‘ட்ரெயின்ல அடிபட்டுட்டாருங்க’ என்றுதான் சொல்வோம். ஆம்புலன்சில் கூட வந்தவர் பதற்றத்தில் அதையே சொல்வார். அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் டாக்டர் அதையே எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்று நாங்கள் வாங்கும் நகலில் ‘ரயில் மோதி’ என்று வந்துவிடும். மன்றத்தில் ரயில்வே வக்கீல் அந்த ஒரு வரியைக் காட்டி, இவர் தண்டவாளத்தைக் கடந்தவர், பயணியே அல்ல என்பார். தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டவருக்கு 124ஏ பொருந்தாது. ‘வண்டியிலிருந்து தவறி விழுந்தார்’ என்று முதல் ஆள் சொல்லியிருந்தால், அதுதான் நடந்தது என்றால், வழக்கின் பாதி அங்கேயே நின்றிருக்கும்.

ஆகவே என் வேலையில் பெரும்பகுதி காகிதம் படிப்பது. ஸ்டேஷன் மாஸ்டர் கொடுத்த மெமோ, ரயில்வே போலீசின் எஃப்.ஐ.ஆர்., இறப்பு என்றால் பிரேத விசாரணை அறிக்கையும் போஸ்ட்மார்ட்டமும், ரயில்வே பாதுகாப்புப் படை விசாரித்துக் கோட்ட மேலாளர் வழியாக வரும் அறிக்கை. எல்லாவற்றிலும் நேரத்தை ஒப்பிட வேண்டும். எந்த வண்டி அந்த நேரத்தில் அந்தக் கிலோமீட்டர் கல்லைத் தாண்டியது? அங்கே மனிதர்கள் குறுக்கே போகும் ஒற்றையடிப் பாதை உண்டா? ஆள் கிடந்தது தண்டவாளத்துக்கு நடுவிலா, ஓரச் சரிவிலா? பை எவ்வளவு தூரத்தில் கிடந்தது? பல நேரங்களில் அந்த இடத்துக்கு நடந்தே போய்ப் பார்ப்பேன். வரைபடத்தில் இல்லாத வளைவும் மின்கம்பமும் அங்கே இருக்கும்.

டிக்கெட் காணாமல் போவது சகஜம். சட்டைப் பையோடு துணி துவைக்கப்பட்டிருக்கும். செல்போனில் எடுத்த டிக்கெட் என்றால், பூட்டைத் திறக்கத் தெரியாமல் கடையில் கொடுத்து எல்லாவற்றையும் அழித்துத் தம்பிக்குக் கொடுத்திருப்பார்கள். அதனால் வருகிறவர்களிடம் நான் முதலில் கெஞ்சுவது: “துணியத் துவைக்காதீங்க, போனைத் தொடாதீங்க.” டிக்கெட் போனாலும் வழி அடைபடுவதில்லை. ஸ்டேஷனில் இறக்கிவிட்ட நண்பர், கவுண்டரில் பணம் செலுத்திய வங்கிக் குறுஞ்செய்தி, ‘வண்டி ஏறிட்டேன்’ என்று வந்த வாட்சப் குரல் எல்லாம் சாட்சிதான். தண்டவாளத்தருகே உடல் கிடந்தது என்பது மட்டும் போதாது. பயணம் செய்த விவரத்தைக் குடும்பம் பிரமாண வாக்குமூலமாகக் கொடுத்துவிட்டால், அதை மறுத்து நிரூபிக்கும் பொறுப்பு ரயில்வேக்கு மாறும். ரீனா தேவி தீர்ப்பு தந்த பெரிய பலம் இது.

ஒரு வருடத்துக்குள் ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிப்பார்கள். உயிரிழப்புக்கும், இரு கையோ பார்வையோ முழுதாகப் போவதற்கும் 2017 ஜனவரி 1 முதல் 8 லட்சம் ரூபாய். அதற்கு முன் 4 லட்சம். மற்ற காயங்களுக்கு உறுப்பு வாரியாக அட்டவணை இருக்கிறது. சம்பவத்தன்று ரயில்வே கையில் தரும் கருணைத்தொகை இதிலிருந்து வேறு. அதை வாங்கியதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து ஒரு வருடத்தைக் கோட்டை விட்ட குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் ஆறுவதில்லை.

அதைவிட வலிப்பது வடக்கத்தித் தொழிலாளர்களின் நிலை. கோவையின் ஃபவுண்டரிகளுக்கும் மில்களுக்கும் ஜெனரல் பெட்டியில் கதவோரம் தொற்றிக்கொண்டு வருகிறவர்கள் அவர்கள். ஒருவர் விழுந்தால் உடலை ஊருக்கு அனுப்புவதற்கே கூட இருப்பவர்கள் வசூல் போடுகிறார்கள். வழக்குக்காகத் தமிழ்நாட்டுக்கு அலைய வேண்டுமே என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். அலைய வேண்டியதில்லை. குடும்பம் குடியிருக்கும் பகுதிக்கான தீர்ப்பாய அமர்விலேயே மனு போடலாம். உடலை அனுப்பும்போதே எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் நகல்களையும் சேர்த்து அனுப்புங்கள் என்று அவர்களுடைய மேஸ்திரிகளிடம் தொடர்ந்து சொல்லி வருகிறேன்.

ஸ்டேஷன் வாசலைத் தாண்டினால் இந்தப் பாதுகாப்பு நின்றுவிடுகிறது. மூடாத சாக்கடையில் விழுந்து இடுப்பு உடைந்தவர், கவனக்குறைவு யாருடையது என்று நிரூபித்தாக வேண்டும். அதற்குப் பல வருடம் ஆகலாம். தில்லி சாந்தினி சௌக்கில் மணிக்கூண்டு இடிந்தது 1951இல். பொறுப்பு நகராட்சியுடையது என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 1966இல். இங்கே கோவையில், 2017இல் அவினாசி சாலையில் வரவேற்பு வளைவு வைத்திருந்த இடத்தில் நேர்ந்த விபத்தில் ஓர் இளைஞர் இறந்தார். 2019இல் கொடிக்கம்பம் சாய்ந்ததைத் தொடர்ந்து நேர்ந்த விபத்தில் ஓர் இளம்பெண் தன் காலை இழந்தார். பயணியிடம் கேட்காத கேள்வியைப் பாதசாரியிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்? பொது இடத்தைக் கட்டிப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றவர்கள் அங்கே விழுந்தவருக்கும் பொறுப்பேற்க வேண்டும். ரயில்வேக்கு முடிந்தது மாநகராட்சிக்கும் முடியும். சட்டமன்றம் மனது வைக்க வேண்டும்.

அதுவரை இருக்கும் உரிமையாவது உரியவரைச் சேர வேண்டும். தண்டவாளத்தைக் கடந்தால் தண்டனை என்று ஸ்டேஷன்தோறும் பலகை வைக்கிறார்கள். நல்லது, வைக்கட்டும். பக்கத்திலேயே இன்னொரு பலகையும் வேண்டும். வண்டியிலிருந்து விழுந்தால் இழப்பீடு உண்டு, தவறு யாருடையது என்று கேட்க மாட்டார்கள், ஒரு வருடத்துக்குள் மனு கொடுங்கள் என்று தமிழிலும் இந்தியிலும் எழுதினால் போதும். போத்தனூரில் அதைத் தொடங்கலாம்.