காதால் பார்க்கும் விண்வெளி: எனக்குப் பிடித்த நான்கு வானொலி நாடகங்கள்



"சேர், எப்ப பார்த்தாலும் காதில வயரோட திரியிறீங்க, என்ன பாட்டா?" என்று ஊரில் பலர் கேட்டுவிட்டார்கள். பாட்டு இல்லை, நாடகம். அதுவும் விண்வெளி நாடகம். இந்தப் பதிவை அவர்களுக்கான பதிலாக வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது தாண்டியவர்களுக்கு வானொலி நாடகம் புதிதல்ல. இலங்கை வானொலியில் நாடகம் போகும் நேரம் உம்மாமார் அடுப்படியில் நின்றபடியே கேட்பார்கள். கை வேலை செய்யும், மனம் வேறொரு வீட்டில் இருக்கும். அதே சுகம்தான் இதிலும். வீட்டுக்குப் பதிலாக இங்கே செவ்வாய்க் கிரகம், அவ்வளவுதான்.

முதலாவது, "விண்வெளிக்குள் பயணம்". 1953 இல் பிபிசி ஒலிபரப்பியது. எழுதியவர் சார்ள்ஸ் சில்டன். ஜெட் மோர்கன் என்ற தலைவரும் மூன்று தோழர்களும் சந்திரனுக்குப் போகிறார்கள். ஸ்புட்னிக் பறந்தது 1957 இல், மனிதன் சந்திரனில் கால் வைத்தது 1969 இல். அதற்கெல்லாம் முன்பே பிரித்தானியப் பிள்ளைகள் இந்த நான்கு பேரோடு அங்கே போய் வந்துவிட்டார்கள். லெமி என்ற வானொலி இயக்குநர் பயந்து பயந்து பகிடி விடுவார். அவருக்காகவே கேட்கலாம்.

இரண்டாவது, ரே பிராட்பரியின் ஒரு சிறுகதை. 1950 இல் அமெரிக்காவின் "டைமென்ஷன் எக்ஸ்" தொடரில் நாடகமானது. எல்லாவற்றையும் தானே செய்யும் ஒரு வீடு. நேரம் சொல்லும், காலைச் சாப்பாடு செய்யும், பாத்திரம் கழுவும். ஆனால் வீட்டில் ஆள் இல்லை. அணுகுண்டில் எல்லோரும் போய்விட்டார்கள், சுவரில் நிழல்கள் மட்டும் மிச்சம். அது தெரியாமல் வீடு பேசிக்கொண்டே இருக்கிறது. ஹிரோஷிமா நடந்து ஐந்தே வருடத்தில் வந்த நாடகம் இது. படமாகப் பார்த்தால் ஒரு வெறும் வீட்டைத்தான் காண்போம். காதால் கேட்கும்போது அந்தக் குரல்தான் ஒரே ஆள். கேட்டு முடித்து நான் கொஞ்ச நேரம் யாருடனும் பேசவில்லை.

மூன்றாவது, சிரிக்க. 1978 மார்ச் 8 இல் பிபிசி வானொலி 4 இல் ஆரம்பித்த டக்ளஸ் அடம்ஸின் நாடகம், பால்வெளி ஊர்சுற்றிகளுக்கான கைநூல் பற்றியது. புத்தகமாகப் பலர் வாசித்திருப்பீர்கள், ஆனால் முதலில் வந்தது வானொலியில்தான். புறவழிப் பாதை போடுவதற்காக ஒருவரின் வீட்டை இடிக்க வருகிறார்கள். அதே நாளில் விண்வெளிப் பாதை போடுவதற்காகப் பூமியையே இடிக்க வேற்றுக்கிரகக் கப்பல்கள் வருகின்றன. "அறிவித்தல் ஐம்பது வருடமாகத் தொங்குகிறது, நீங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும்" என்கிற தோரணையில் பதில் சொல்கிறார்கள். அறிவித்தல் தொங்கிய இடமோ வேறொரு நட்சத்திரத்தில்! ஏதாவது ஓர் அலுவலகத்தில் ஒரு கடிதத்துக்காக நாலு தரம் அலைந்தவர்களுக்கு இந்தப் பகிடி உடனே பிடிபடும்.

நான்காவதுதான் இந்தப் பதிவை எழுதக் காரணம். 1938 ஒக்டோபர் 30, நியூயோர்க். எச்.ஜி. வெல்ஸின் செவ்வாய்வாசிகள் கதையை 23 வயது ஓர்சன் வெல்ஸ் நாடகமாக்கினார். நடன இசை போகிறது, இடையில் செய்தி, மீண்டும் இசை, மீண்டும் செய்தி. வயலில் விழுந்த பொருளின் பக்கத்தில் நின்று நிருபர் பேசுகிறார். வசனத்தின் நடுவில் அவர் குரல் அறுந்து, சில விநாடிகள் வெறும் அமைதி. அந்த அமைதியை விட பயங்கரமான சத்தம் நான் கேட்டதில்லை.

ஆரம்பத்திலேயே "இது நாடகம்" என்று அறிவித்தார்கள். இடையில் வானொலியைத் திருப்பியவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை, சிலர் பயந்தார்கள். மறுநாள் பத்திரிகைகளோ நாடே தெருவுக்கு வந்ததுபோல எழுதின. அது பெரிதும் மிகைப்படுத்தப்பட்டது என்று பின்னாளில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பயம் பற்றிய கதையிலேயே பாதி வதந்தி! ஆனால் 1949 இல் ஈக்குவடோரின் கீற்றோ நகரில் இதே கதையை உள்ளூர்ப் பெயர்களோடு ஒலிபரப்பியபோது நடந்தது விளையாட்டல்ல. ஏமாற்றப்பட்டோம் என்று தெரிந்ததும் கூட்டம் நிலையக் கட்டடத்துக்கே தீ வைத்தது. உயிர்கள் போயின.

தரம் 10 வகுப்பில் இதன் ஒரு பகுதியைப் போட்டுக் காட்டினேன். ஒரு மாணவி சொன்னாள்: "சேர், வட்ஸ்அப்பில வாற வொய்ஸ் எல்லாம் இப்படித்தானே? யார் பேசுறது, எப்ப பேசினது, ஒண்டும் தெரியாது." நான் ஒரு பாடவேளை முழுக்கச் சொல்ல நினைத்ததை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். நமக்கு ஃபோர்வர்ட் ஆகி வரும் குரல் பதிவு ஒவ்வொன்றும் நடுவிலிருந்து கேட்கிற நாடகம்தான்.

இதன் விலை நமக்குத் தெரியாததல்ல. 2018 இல் அம்பாறையில், சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை என்று ஒரு கதை பரவியது. அது வெறும் மாக்கட்டி என்று அரச பரிசோதனை பிறகு சொன்னது. அதற்குள் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டிருந்தன. நம்மைப் பற்றிப் பரவும் வதந்தி எரிக்கும் என்று பட்டுத் தெரிந்தவர்கள் நாம். மற்றவர்களைப் பற்றி நம் குழுக்களில் வருவதை மட்டும் கேள்வி கேட்காமல் தட்டிவிடுவது எந்த நியாயம்?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்த நாடகங்களில் பலவற்றின் பழைய ஒலிப்பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. கரன்ட் போன இரவொன்றில் பிள்ளைகளோடு இருந்து ஒன்றைக் கேளுங்கள். ஆங்கிலம் விளங்காத இடத்தில் நிறுத்திப் பேசுங்கள். காது பழகினால் மொழி வரும், யார் சொல்கிறார்கள் என்று கேட்கும் பழக்கமும் கூடவே வரும்.

முதலில் அந்த ஆளில்லாத வீட்டின் கதையைக் கேட்டுவிட்டு, பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள். வாசிக்க ஆவலாக இருக்கிறேன்.