குவாங்ஜுவிலிருந்து, பசியோடு

அன்புள்ள ராஜி,

சைவக்காரிக்குக் கொரியா எதற்கு என்று நான் கிளம்பும்போதே கேட்டாய். நீ கேட்டதில் பாதி நியாயம். காய்கறிக்கு இங்கே பஞ்சமில்லை. கீரை, முளைப்பயறு, முள்ளங்கி, காளான் என்று மேசை நிறையச் சின்னக் கிண்ணங்கள். ஆனால் கிம்ச்சியில் உப்பிட்ட இறால், குழம்பில் நெத்திலி!

நேற்று ராத்திரி சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. இறைச்சி வேண்டாம் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். கடைக்கார அம்மாள் தலையாட்டிவிட்டுப் போய், கொத்துக்கறி போடாத பிபிம்பாப் கொண்டுவந்தார். கூடவே சோயா விழுதுக் குழம்பு. அதில் ஒரு நெத்திலி மிதந்தது. விரலால் காட்டினேன். அம்மாள் அதைக் கரண்டியால் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, இப்போது சரிதானே என்பதுபோல் சிரித்தார். இவரிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது? நான் குழம்பைத் தள்ளி வைத்ததும் அவர் முகம் வாடிவிட்டது. வாட்டிய கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டி என் வாயருகே நீட்டினார். வாங்கிக்கொண்டேன். நல்லெண்ணெய் வாசனை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, போ.

அந்தக் கை நீண்டபோது ஹான் காங்கின் 'வெஜிடேரியன்'தான் ஞாபகம் வந்தது. சமயவேல் மொழிபெயர்த்த 'மரக்கறி'. யோங்-ஹே ஒரு கனவு கண்டு இறைச்சியை விடுகிறாள். குடும்பம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க அப்பா அவளை அறைந்து, பன்றிக்கறியை வாயில் திணிக்கிறார். நம்மூரில் இதைப் படித்த சைவர்கள் சிலர், ஐயோ நம் கட்சிக்காரி என்று உச்சுக்கொட்டினார்கள். எனக்கு எரிச்சலே அதில்தான். தம்பி ஆம்லெட் தின்றுவிட்டு வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்ததை நீயும்தானே பார்த்தாய்? கிணற்றடியில் நிற்கவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றி, ராத்திரி திண்ணையில் படுக்கவைத்தார் அப்பா. அந்த அப்பா திணித்தார், இந்த அப்பா பிடுங்கினார். யோங்-ஹே எங்கள் வீட்டில் பிறந்திருந்தால் மீன் கேட்டிருப்பாள்.

ஆனாலும் நாவலில் எல்லாம் பிடித்தது என்று சொல்லமாட்டேன். அக்கா புருஷன் அவள் உடம்பில் பூ வரைகிற நடுப்பகுதி அலுப்பு. அக்கா இன்-ஹேயின் கடைசிப் பகுதிக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

விமானத்தில் படித்தது சோ நாம்-ஜூவின் 'கிம் ஜி-யோங், பார்ன் 1982'. 2016இல் வந்து, கொரியாவில் 10 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற நாவல். அடிக்குறிப்பில் புள்ளிவிவரம் போடுகிறார்கள்! ஜி-யோங்குக்கு ஒரு தனிக் கிறுக்குக்கூடக் கிடையாது, கட்டுரை நடந்துபோகிறது. கடைசிப் பக்கத்தில் மட்டும் சுருக்கென்று ஒரு குத்து. அவளுக்காக உருகிய மனநல மருத்துவர், தன்னிடம் வேலை பார்த்த கர்ப்பிணி விலகும்போது, அடுத்து கல்யாணமாகாதவளாகப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்.

இந்த ஊருக்கு வந்ததே ஹான் காங்கின் 'ஹியூமன் ஆக்ட்ஸ்' நாவலுக்காக. 1980 மே மாதம் ராணுவம் இங்கே சொந்த மக்களையே சுட்டது. நண்பனைத் தேடிப் பிணங்கள் கிடந்த உடற்பயிற்சிக் கூடத்துக்கு வரும் பள்ளிக்கூடப் பையன் தோங்-ஹோ, அங்கேயே நின்று வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறான். ஹான் காங் பிறந்ததும் இந்த ஊரில்தான். அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்குச் சில மாதங்கள் முன்புதான் குடும்பம் சியோலுக்குக் குடிபோயிருந்தது. கும்னாம் சாலையில் ஜோனில் கட்டடத்தின் மேல்மாடியில் குண்டுத் துளைகளை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். தூணிலும் தரையிலும். பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் வாய் திறக்கவில்லை.

2024இல் ஹான் காங்குக்கு நோபல் அறிவித்ததும் எல்லோரும் 'வெஜிடேரிய'னைத் தேடி ஓடினார்கள். என்னைக் கேட்டால் 'ஹியூமன் ஆக்ட்ஸ்'தான் பெரிய நாவல். தொடக்கத்தில் பையனை 'நீ' என்றே கூப்பிட்டு எழுதுகிறார். பிணவாடையை மறைக்க அவன் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, தீக்குச்சி என் கையில் இருந்தது.

உங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்து 'மரக்கறி' என்று முடிவு செய்திருந்தீர்களே, அதை மாற்றிவிடு. முதலில் தோங்-ஹோ. யோங்-ஹே காத்திருப்பாள்.

அன்புடன்,
கல்யாணி