கடலில் எழுந்த ஆலயம்

கரீபியன் கடலின் தென்கோடியில் உள்ள டிரினிடாட் தீவில் அமைந்த தலைநகரம் போர்ட் ஆஃப் ஸ்பெயின். அங்குச் செல்லும் பயணிகள் தவறாமல் காண்பது, நாடாளுமன்றம் கூடும் சிவப்பு மாளிகையை. 1903-ல் மூண்ட கலவரத்தில் தீக்கிரையாகி, 1907-ல் மீண்டும் எழுந்தது அது. அதற்கு வடக்கே, ஏறத்தாழ 260 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது குயின்ஸ் பார்க் சவன்னா மைதானம். அதன் மேற்கு ஓரத்தில் செல்வச் செழிப்பைப் பறைசாற்றும் ஏழு மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன.

அந்த மைதானம் முற்காலத்தில் கரும்புத் தோட்டம். 1817-ல் அது பொதுவுக்கென விலைக்கு வாங்கப்பட்டது. தோட்டத்துக்கு உரிய குடும்பத்தினரின் சிறு கல்லறைத் தோட்டம் மட்டும் இன்றும் மதிலுக்குள் இருக்கிறது. உடையவர்களின் நினைவை அது காத்து வருகிறது. உழைத்தவர்களின் நினைவைக் காண விரும்புவோர் கடலை நோக்கித் திரும்ப வேண்டும்.

அடிமை முறை ஒழிந்தபின், கரும்பு வெட்ட ஆள் தேடிய தோட்ட முதலாளிகளின் பார்வை பாரதத்தின் மீது விழுந்தது. 1845 மே 30 அன்று 'ஃபத்தேல் ரசாக்' என்னும் கப்பல் அத்தீவை அடைந்தது. 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்குச் சென்றோர் ஏறத்தாழ 1,44,000 பேர். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள். சென்னையில் ஏறியவர்களும் உண்டு. 1866 முதல் அவர்களைத் தங்கவைத்துப் பரிசோதித்த நெல்சன் தீவு, தலைநகருக்கு மேற்கே கடலில் உள்ளது. பொருள் ஏதுமின்றி வந்த அந்த மக்கள், இராமகாதையையும் இறைவன் திருநாமத்தையும் நெஞ்சில் சுமந்து வந்தனர்.

அந்த மரபில் வந்தவர் சிவதாஸ் சாது. தலைநகருக்குத் தெற்கே, வாட்டர்லூ என்னும் ஊரில், கடற்கரையோரம் 1947-ல் சிறு கோயில் ஒன்றை எழுப்பினார் அந்த எளிய தொழிலாளி. நிலமோ சர்க்கரை நிறுவனத்துக்கு உரியது. இடிக்கும்படி உத்தரவு வந்தது, அவர் மறுத்தார். 14 நாள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கோயிலும் இடித்துத் தள்ளப்பட்டது.

நிலத்துக்கு உரிமையாளர் உண்டு. கடலுக்கு யார் உரிமையாளர்? சாது கடலுக்குள் கோயில் கட்டத் தொடங்கினார். மிதிவண்டியில் கற்களைச் சுமந்து வந்து கொட்டி, நீரின் மேல் பாதை அமைத்தார்; அதன் முனையில் கோயிலுக்கு அடித்தளமிட்டார். ஏறத்தாழ 25 ஆண்டுகள் அத்திருப்பணி தொடர்ந்தது. அலைகள் அரித்தபோதும் அவர் அயரவில்லை. அவர் மறைவுக்குப் பின், இந்தியர் வருகையின் 150-ஆம் ஆண்டான 1995-ஐ ஒட்டி, அவ்வாலயம் புதுப்பொலிவு பெற்றது.

பொருளில்லாத பூசலார் நாயனார் மனத்திலே கோயில் கட்டினார். நிலமில்லாத சாது கடலிலே கட்டினார். தலைநகரின் மாளிகைகளைக் காணச் செல்லும் அன்பர்கள் அரைநாள் ஒதுக்கித் தெற்கே சென்று வரலாம். கூலிகளின் கப்பல்கள் கடந்து வந்த அதே பாரியா வளைகுடாவின் நீர், அங்கே ஆலயத்தின் அடித்தளத்தைத் தழுவிக்கொண்டிருக்கிறது.