டிக்கெட்டுக்கு முன்னால் இன்ச் டேப்!

தீம் பார்க் போகலாம் என்று வீட்டில் முடிவானதும் என் கணவர் கால்குலேட்டரை எடுத்தார். மாமியார் மூட்டுவலித் தைலத்தை எடுத்து வைத்தார். நான் தையல் டப்பாவைத் திறந்து இன்ச் டேப்பைத் தேடினேன்.

காரணம் என் மகள். வயது 9, நாலாம் வகுப்பு. பள்ளி பிரேயரில் எல்.கே.ஜி-யிலிருந்தே வரிசையின் முதல் ஆள் அவள்தான். தம்பிக்கு வயது 6. அவன் 116 செ.மீ., இவள் 121. கல்யாண வீட்டில், பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில் யாராவது ஒருவர், ‘ரெட்டைப் புள்ளைங்களா?’ என்று கேட்டுவிடுவார். பிரியமாகத்தான் கேட்கிறார்கள். ஆனால், அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிட மாட்டாள்.

அப்படிப்பட்ட பிள்ளையை, ராட்டினத்துக்கு ராட்டினம் உயரம் அளக்கும் கம்பம் நட்டு வைத்திருக்கும் இடத்துக்கு எப்படிக் கூட்டிப்போவது? அத்தனை பேர் பார்க்க, ‘நீ ஏறக் கூடாது பாப்பா’ என்று ஒருவர் கையை நீட்டித் தடுத்தால்? பணம் சேர்ப்பதைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை.

அவள் உயரத்தைப் பற்றிப் போன வருடமே குழந்தைகள் டாக்டரிடம் கேட்டாகிவிட்டது. ‘இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ்’ வெளியிட்டிருக்கும் வளர்ச்சி வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்துக் காட்டினார். கோடுகளுக்குள்தான் இருந்தாள், கொஞ்சம் கீழ்ப்பக்கமாக. “ஒரு தடவை அளந்துட்டு எதையும் சொல்ல முடியாதும்மா. இந்த வயசுல வருஷத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் வளர்றாளான்னு பாருங்க. அது போதும்” என்றார். பிறகு எங்கள் இருவரின் உயரத்தையும் கேட்டு, கூட்டிப் பாதியாக்கி, பெண் குழந்தை என்பதால் 6.5 கழித்தார். எனக்கு 150, அவருக்கு 163. விடை சரியாக 150. “அம்மா உயரம் வரும்” என்று சிரித்தார். என் கணவர், “அப்போ என் பங்கு ஒண்ணுமில்லையா டாக்டர்?” என்றது தனிக் கதை.

எந்தப் பார்க் என்பதில் பெரிய விவாதம் இல்லை. நாங்கள் தருமபுரி. சென்னை ஈ.சி.ஆர். தூரம். மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் நீலகிரி அடிவாரத்தில் அழகான இடம்தான், ஆனால் அங்கே தண்ணீர் விளையாட்டுதான் பிரதானம். மகளுக்கு ராட்டினம் வேண்டும். ஆகவே பெங்களூரு தாண்டி, மைசூரு சாலையில் பிடதி பக்கம் 2005-ல் தொடங்கிய வொண்டர்லா என்று முடிவானது. (கொச்சியில் இருப்பது இதற்கு மூத்தது. 2000-ல் ‘வீகாலேண்ட்’ என்ற பெயரில் திறந்தார்கள். பழைய ஆட்கள் இன்னும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.)

நாள் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. காலாண்டு விடுமுறையில் போனால் அங்கே தசரா. மைசூருக்குப் போகும் கூட்டம் முழுக்க அதே சாலையில்தான். அரையாண்டு விடுமுறையில் கிறிஸ்துமஸ், புது வருடம். கடைசியில் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டும் தோன்றக்கூடிய ஒரு யோசனை வந்தது. ஆடி 18! ஒகேனக்கல் இங்கே இருப்பதால் ஆடிப்பெருக்குக்கு எங்கள் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். கர்நாடகாவில் அன்று பள்ளி உண்டு. அதுவும் திங்கள்கிழமை. ஞாயிறு மதியம் கிளம்பி, ராத்திரி பெங்களூரில் தங்கி, மறுநாள் பார்க்.

வீட்டில் எதிர்ப்பு வந்தது என் மாமியாரிடமிருந்து. “ஆடிப்பெருக்கு அன்னிக்கு ஆத்துல தலை முழுகாம, காசு குடுத்துத் தொட்டித் தண்ணில ஆடப் போறீங்களா?”

கேள்வி நியாயம்தான். என் கணவர்தான் சமாளித்தார். “பெங்களூருக்காரங்க குடிக்கிறதே காவிரித் தண்ணிதாம்மா. லாட்ஜ்ல குழாயைத் திறந்தா காவிரி கொட்டும். விடிகாலைல குளிச்சுக்கோங்க.” அத்தை ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, மஞ்சள் கயிற்றையும் காதோலை கருகமணியையும் ஒரு பையில் எடுத்துவைத்தார். சம்மதம் என்று அர்த்தம்.

மகளிடம் எப்போது சொல்வது என்பதில்தான் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு. “அங்க போய்ப் பாத்துக்கலாம், இப்பவே ஏன் மனசை உடைக்கணும்?” என்பது அவர் கட்சி. என் கட்சி வேறு. வாசலில் தெரியவருவதைவிட வீட்டில் தெரிவது நல்லது. வீட்டில் அழுதால் பார்க்க நாங்கள் மட்டும்தான் இருப்போம்.

பார்க்கின் இணையதளத்தில் எந்த ராட்டினத்துக்கு எவ்வளவு உயரம் என்று போட்டிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையே பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கையெழுத்திலேயே நோட்டில் எழுதச் சொன்னேன். தலைகீழாகச் சுற்றுவது போன்ற பெரிய ராட்டினங்கள் பலவற்றுக்கு 140 செ.மீ. வேண்டும். நாலாவது தடவை 140 என்று எழுதும்போது பேனா நின்றுவிட்டது.

“நான் குட்டைன்னுதானே விட மாட்டாங்க?”

பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் எழுந்துபோய்த் தன் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து அவள் தலையில் மாட்டினார். கண் வரை இறங்கியது. “தலையை ஆட்டு” என்றார். ஆட்டினாள். ஹெல்மெட் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் போனது. “ராட்டினத்துல தோள் மேல ஒரு கம்பி வந்து அமுக்கும்ல? அதைப் பெரிய ஆளுங்க உடம்புக்கு அளவு வெச்சுச் செஞ்சிருக்காங்க. உனக்கு நடுவுல இடைவெளி விழும். தலைகீழா போறப்ப இந்த ஹெல்மெட் ஆடுன மாதிரி நீ உள்ள ஆடுவ. அதுக்குத்தான் அளக்கறாங்க.”

தம்பி உடனே ஹெல்மெட் தனக்கும் வேண்டும் என்று கத்த ஆரம்பித்தான். அவனுக்கு மூக்கு வரை இறங்கியது. அக்காவுக்கு அதில் ஒரு திருப்தி.

அதன்பின் நோட்டு அவள் சொத்தாகிவிட்டது. தானாக ஏறக்கூடியவை, பெரியவர்கள் துணையோடு ஏறக்கூடியவை, இப்போதைக்கு முடியாதவை என்று மூன்று பக்கம் ஒதுக்கினாள். முதல் இரண்டு பக்கங்களே ஒரு நாளைக்கு அதிகம் என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். எங்கேயோ படித்துவிட்டு வந்து, “அம்மா, காலைல எல்லாரும் ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் உயரமா இருப்பாங்களாம். சாயங்காலம் முதுகெலும்பு அமுங்கிக் குறைஞ்சிடுமாம்” என்றாள். டாக்டரிடம் கேட்டேன். உண்மைதானாம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். டிக்கெட்டும் அங்கே வயதைப் பார்த்து இல்லை, உயரத்தைப் பார்த்துத்தான். 85 செ.மீ-க்குக் கீழே இலவசம், 140 வரை குழந்தைக் கட்டணம். விதிகள் மாறலாம் என்பதால் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை, கட்டுசோறு கட்டாதீர்கள். தண்ணீரில் இறங்க நைலான் துணிதான், பருத்தி கூடாது. இதை ஊரிலேயே வாங்கிவிட்டால் செலவு குறையும். டிக்கெட் நீங்கலாக பஸ், லாட்ஜ், லாக்கர், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் கிட்டத்தட்ட இன்னொரு டிக்கெட் பணம் ஆகிவிடுகிறது. எங்களுக்கு 15,000 ரூபாய் சீட்டுப் பணம் சரியாக இருந்தது.

அன்று விடிகாலை லாட்ஜ் குழாயில் அத்தை தலை முழுகி, என் கழுத்தில் புதுக்கயிறு கட்டிவிட்டார். காதோலை கருகமணி பைக்குள்ளேயே இருந்தது. “அதை ஊருக்குப் போய் ஆத்துலதான் விடுவேன்” என்றார். பார்க் 11 மணிக்குத்தான் என்பதால், பிடதியில் இறங்கி அந்த ஊரின் பேர்போன தட்டு இட்லியை நிதானமாகச் சாப்பிட்டோம். ஒரு இட்லி ஒரு தட்டு அகலம்!

உள்ளே போனதும் முதலில் ராட்டினங்கள், மதியத்துக்கு மேல் தண்ணீர் என்று மகள் நோட்டைப் பார்த்துக் கட்டளை போட்டாள். நல்ல திட்டம். தண்ணீரில் இறங்கிய பிள்ளைகளை வெளியே இழுப்பது லேசில்லை.

அத்தை ஒரு மர நிழலில் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தன் மகள்கள் குதிரை ராட்டினம் சுற்ற, பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் பெரியவர்களும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் வந்ததாக வால்ட் டிஸ்னி சொல்லியிருக்கிறார். 1955-ல் டிஸ்னிலேண்ட் திறந்தது அப்படித்தான். எங்கள் அத்தைக்கு அந்தக் குறையெல்லாம் இல்லை. பைகளுக்குக் காவல், பக்கத்து பெஞ்சு கன்னடக்கார அம்மாவோடு பேச்சு என்று சாயங்காலம் வரை நகரவில்லை. இவருக்குக் கன்னடம் தெரியாது, அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால், அவருடைய மருமகளைப் பற்றி எல்லாம் தெரிந்துவைத்திருந்தார்.

நான் பயந்த கம்பம் நண்பகலில் வந்தது. தலைகீழாகச் சுற்றும் ராட்டினம். நான் வேறு பக்கம் கூட்டிப்போகப் பார்த்தேன். மகள் கையை உதறிவிட்டு நேராகக் கம்பத்தடியில் போய் நின்றாள். பணியாளர் வாயைத் திறப்பதற்குள், “அண்ணா, 140 வேணும்னு தெரியும். நான் ஏறப் போறதில்ல. எவ்வளவு இருக்கேன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க” என்றாள். அந்தப் பையன் தமிழ் புரிந்தவன்தான். குனிந்து பார்த்து, “122” என்றான்.

ஓடி வந்தாள். “ஒண்ணு கூடியிருக்கும்மா!” பிறகு அவளே யோசித்து, “இன்னும் சாயங்காலம் ஆகலல்ல, அதனாலகூட இருக்கும்” என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் தம்பி அத்தை மடியில் தூங்கிவிட்டான். மகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் 18 செ.மீ., வருடத்துக்கு ஐந்தரை என்றால் மூன்றே கால் வருடம். “பன்னெண்டரை வயசுல அதுல ஏறிடுவேன்பா!”

“ஏறலாம். ஆனா 140 ஆயிட்டா உனக்குப் பெரியவங்க டிக்கெட்” என்றார் அவர்.

“அப்போ புதுச் சீட்டு ஒண்ணு இப்பவே போட்டு வைங்க” என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினாள்.