ஜெர்மேனியம் இல்லாத அட்டவணை

டண்டி, ஸ்காட்லாந்து



இங்கே உயர்நிலைப் பள்ளியின் நான்காம் ஆண்டுப் பிள்ளைகள், நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ பத்தாம் வகுப்பு, ‘நேஷனல் 5’ வேதியியல் தேர்வு எழுதும்போது தனிம வரிசை அட்டவணையைத் தேர்வுக் கூடத்திலேயே அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அணு எண், உருகுநிலை, கொதிநிலை எல்லாம் அந்தச் சிறு கையேட்டில் இருக்கும். முதல் இருபது தனிமங்களை ராகம் போட்டு ஒப்பிக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. திருநெல்வேலியில் படிக்கும் என் அண்ணன் மகளிடம் இதைச் சொன்னபோது, “அப்போ நீங்க என்னதான் அத்தை நடத்துவீங்க?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. மனப்பாடம் என்ற சுமையை எடுத்துவிட்டால் அந்தப் பாடத்தில் மிச்சம் என்ன?

மிச்சம்தான் பாடம் என்பது என் எண்ணம். ஆனால் அதை எந்த வரிசையில் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது எல்லாம். பெரும்பாலான வகுப்புகளில் முதலில் அணு வரும், பிறகு புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான். சோடியத்துக்கு 2, 8, 1 என்று வட்டம் போட்டுக் காட்டுவார்கள். அதன் பிறகு அட்டவணையை விரித்து, “முதல் தொகுதியில் எல்லாவற்றுக்கும் வெளிக்கூட்டில் ஒரே ஓர் எலக்ட்ரான், அதனால் குணமும் ஒன்று” என்று முடித்துவிடுவார்கள். தவறில்லை, சுத்தமான விளக்கம். ஆனால் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டது 1897இல். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மெண்டலீவ் தன் அட்டவணையை வெளியிட்டது 1869இல். அணுவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே, வெறும் நிறையையும் குணத்தையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் அந்த ஒழுங்கைக் கண்டுபிடித்திருக்கிறார். காரணத்தை முதலிலேயே கையில் கொடுத்துவிட்டால், பிள்ளைகள் வியப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆகவே என் வகுப்பில் எலக்ட்ரான் கடைசியாகத்தான் வரும்.

முதல் நாள் மேசைக்கு ஒரு கட்டு அட்டைகள் கொடுப்பேன். அட்டையில் பெயர் இருக்காது. அணு நிறை, அடர்த்தி, உருகுநிலை, ஹைட்ரஜனோடும் ஆக்சிஜனோடும் எந்த விகிதத்தில் சேரும் என்ற விவரம், அவ்வளவுதான். நடுவில் வரும் இடைநிலை உலோகங்களை எடுத்துவிடுவேன், மந்த வாயுக்களையும் சேர்க்க மாட்டேன். நிறைப்படி அடுக்குங்கள், குணம் திரும்ப வரும்போது அடுத்த வரிசையைத் தொடங்குங்கள் என்பது மட்டுமே கட்டளை. லித்தியத்தில் தொடங்கும் வரிசையும் சோடியத்தில் தொடங்கும் வரிசையும் சிக்கலில்லாமல் ஒன்றின் கீழ் ஒன்றாக அமைந்துவிடும். மூன்றாம் வரிசையில்தான் தகராறு. ஜெர்மேனியத்தின் அட்டையை நான் முன்பே எடுத்து வைத்திருப்பேன். அதனால் ஆர்சனிக் போய் சிலிக்கனின் கீழே உட்காரும், செலினியம் பாஸ்பரஸின் கீழே, புரோமின் கந்தகத்தின் கீழே.

இந்த முறை ஒரு மேசையில் நான்கு பேர் அந்த வரிசையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வாய் திறக்காத ஒரு பெண், புரோமின் அட்டையில் விரல் வைத்து, “மிஸ், இது ஹைட்ரஜனோடு ஒன்றுக்கு ஒன்று சேருகிறது. மேலே இருப்பது ஒன்றுக்கு இரண்டு கேட்கிறது. இது இங்கே வரக் கூடாது” என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அவள் மூன்று அட்டைகளையும் சேர்த்துப் பிடித்து ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளினாள். புரோமின் குளோரினின் கீழே போய்ச் சேர்ந்தது, சிலிக்கனின் கீழே மேசையின் மரம் தெரிந்தது. “ஒரு அட்டை தொலைந்துவிட்டது” என்றான் பக்கத்துப் பையன். தொலைந்த அட்டையில் என்ன எழுதியிருக்கும், நீங்களே எழுதுங்கள் என்று வெற்று அட்டை ஒன்றை நீட்டினேன்.

மேலே சிலிக்கன் 28, கீழே வெள்ளீயம் 119. சராசரி எடுத்து 73.5 என்று எழுதினார்கள். அடர்த்திக்கும் அதே வழியில் 4.8. அப்புறம் உண்மையான அட்டையை வெளியே எடுத்தேன்: நிறை 72.6, அடர்த்தி 5.3. வகுப்பில் எழுந்த சத்தத்தில் பக்கத்து அறை ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

மெண்டலீவ் செய்ததும் இதைத்தான், இன்னும் நுட்பமாக. 1871இல் அவர் அந்தக் காலியிடத்துக்கு எழுதிய நிறை 72, அடர்த்தி 5.5. கிளெமென்ஸ் விங்க்லர் ஜெர்மேனியத்தைக் கண்டது 1886இல். கேலியத்தின் கதை இதைவிடச் சுவையானது. பிரான்சில் லெகோக் டி புவாபோத்ரான் 1875இல் அதைக் கண்டு, அடர்த்தி 4.7 என்று அறிவித்தார். அந்த உலோகத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத மெண்டலீவ், அது 5.9 அளவில் இருக்க வேண்டும், தூய்மைப்படுத்தி மீண்டும் அளந்து பாருங்கள் என்று சொன்னார். அளந்தார்கள். 5.9தான்.

கேலியம் என்னிடம் ஒரு சிறு புட்டியில் இருக்கிறது. உருகுநிலை 29.8 டிகிரி. ஸ்காட்லாந்தில் எந்த மாதத்திலும் என் வகுப்பறையில் அது கட்டியாகவே கிடக்கும், கையுறை போட்ட உள்ளங்கையில் சற்று நேரம் வைத்திருந்தால் பாதரசம்போல் உருண்டோடும். சித்திரை வெயிலில் மதுரைப் பள்ளி ஒன்றின் ஆய்வகத்தில் அது புட்டிக்குள் திரவமாகவே இருக்கும் என்று சொன்னால் இந்தப் பிள்ளைகளுக்கு நம்புவது கடினம்.

இரண்டாம் வாரம் ஒரு படத்தைத் திரையில் காட்டுவேன். டே ஆற்றுப் பாலத்தைத் தாண்டித் தெற்கே போனால் செயின்ட் ஆண்ட்ரூஸ். அங்குள்ள பல்கலைக்கழக வேதியியல் துறையின் பொருள்கிடங்கை 2014இல் ஆலன் ஏட்கன் என்பவர் ஒழுங்குபடுத்தியபோது, சுருட்டி வைத்த பழைய பாடப்படங்களுக்கு நடுவே ஒரு தனிம அட்டவணை கிடைத்தது. தொட்டால் செதில் செதிலாக உதிரும் நிலையில் இருந்தது. வியன்னாவில் அச்சானது, எழுத்துகள் ஜெர்மன் மொழியில். வகுப்பறைச் சுவரில் மாட்டுவதற்கென்று அச்சிட்ட அட்டவணைகளில் இன்று உலகில் மிஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது என்று கருதப்படுகிறது.

“இது எந்த ஆண்டு அச்சானது?” என்பது நான் கொடுக்கும் வேலை. தனிமங்கள் கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டுகளின் பட்டியலையும் தருவேன். முதலில் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவார்கள். பிறகு ஒருவர் கேலியத்தைக் கண்டுபிடிப்பார்: சரி, 1875க்குப் பிறகு. இன்னொருவர் ஸ்காண்டியத்தைக் காட்டுவார்: 1879க்குப் பிறகு. அதன்பின் யாராவது சிலிக்கனின் கீழே போய்ப் பார்த்துவிட்டு, “ஜெர்மேனியம் இல்லை!” என்று கத்துவார்கள். ஆகவே 1886க்கு முன். அறிஞர்களும் இதே வழியில்தான் காலத்தைக் குறுக்கினார்கள், பிறகு ஆவணங்களைப் புரட்டி 1885 என்று முடிவுக்கு வந்தார்கள். இருப்பதை வைத்து ஒரு எல்லை, இல்லாததை வைத்து மறு எல்லை. பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு காகிதத்தின் வயதைத் தானே கணக்கிட்டுச் சொல்லும் அந்த நேரத்தில் அட்டவணை அவர்களுடையதாகிவிடுகிறது. வெறும் கையேட்டுப் பக்கமாக இனி அதை அவர்களால் பார்க்க முடியாது.

அந்தப் பழைய தாளில் வலது ஓரத்து மந்த வாயுக்களின் தொகுதி முழுவதுமே இல்லை என்பதையும் யாராவது கவனிப்பார்கள். மெண்டலீவ் அதற்கு இடம் விட்டிருக்கவில்லை. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், வேதிமுறையில் தயாரித்த நைட்ரஜனைவிட ஏறத்தாழ அரை சதவீதம் கனமாக இருப்பதை ராலே பிரபு கவனித்தார். அந்த அரை சதவீதத்தைத் துரத்திப்போய் 1894இல் ஆர்கானைப் பிடித்தவர்கள் அவரும், கிளாஸ்கோவில் பிறந்த வில்லியம் ராம்சேயும். மெண்டலீவ் முதலில் இதை ஏற்கவில்லை, மூன்று அணு நைட்ரஜனாக இருக்கலாம் என்றார். பிறகு ஒரு புதிய தொகுதியே சேர்ந்தது, அட்டவணை உடையவில்லை. மேதையும் தடுமாறிய இடத்தைச் சொல்லாமல் அவர் கணிப்பு பலித்த இடங்களை மட்டும் சொல்வது பிள்ளைகளை ஏமாற்றுவதாகும்.

டெல்லூரியமும் அயோடினும் அப்படித்தான். நிறைப்படி அயோடின் 126.9, டெல்லூரியம் 127.6. அயோடின் முன்னால் வர வேண்டும். குணமோ அதைப் புரோமினின் கீழே இழுக்கிறது. மெண்டலீவ் குணத்தின் பக்கம் நின்று, டெல்லூரியத்தின் நிறையை அளந்ததில்தான் பிழை என்றார். பிழை அளவில் இல்லை, நிறையை அடிப்படையாகக் கொண்டதில் இருந்தது. 1913இல் ஹென்றி மோஸ்லி எக்ஸ் கதிர்களைக் கொண்டு அணு எண்ணைக் காட்டிய பிறகே அந்த முடிச்சு அவிழ்ந்தது. 1915இல் கலிப்போலிப் போர்க்களத்தில் மோஸ்லி கொல்லப்பட்டபோது வயது 27. இதைச் சொல்லும்போது வகுப்பு தானாகவே அமைதியாகிவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகு எலக்ட்ரான் கூடுகளை வரைவேன். அப்போது 2, 8, 1 என்பது அவர்களே கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதிலாக வந்து விழும்.

என்னோடு பணியாற்றும் ஒருவர் இதை ஒப்புக்கொள்வதில்லை. மே மாதத் தேர்வு காத்துக்கொண்டிருக்கிறது, அட்டை அடுக்க நேரம் ஏது என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிணைப்பு, சமன்பாடு, மோல் கணக்கு எல்லாம் வரிசையில் நிற்கின்றன. ஆனால் அட்டை அடுக்கிய பிள்ளைகள் அயனிகளின் வாய்பாடு எழுதும்போது தடுமாறுவது குறைவு என்பதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். செலவழித்த நேரம் அங்கே திரும்பி வந்துவிடுகிறது.

போன வாரம் கடைசிப் பாடவேளையில், 118 தனிமங்களோடு ஏழாவது வரிசை நிறைந்துவிட்டது என்று சொன்னேன். “அப்போ 119?” என்றான் அட்டை தொலைந்ததாகச் சொன்ன அதே பையன். ஜப்பானில் ரிக்கன் ஆய்வகத்தில் வனேடியத்தைக் கியூரியத்தின் மேல் மோதவிட்டு அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் கிடைக்கவில்லை என்றேன். எல்லோரையும் அதற்கு ஓர் அட்டை எழுதச் சொன்னேன். ஃபிரான்சியத்தின் கீழே வரும், ஒரு குளோரினோடு ஒன்று சேரும், தண்ணீரில் போட்டால் வெடிக்கும் என்று எழுதியிருந்தான். அவ்வளவு கனமான அணுவில் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும், அதனால் தொகுதியின் போக்கு மாறவும் கூடும் என்று விளக்கினேன். கொஞ்சம் யோசித்து, ‘வெடிக்கும்’ என்பதை அடித்துவிட்டு ‘வெடிக்கலாம்’ என்று எழுதினான். அந்த அட்டைகளைத் திருத்த என்னிடம் விடைக்குறிப்பு கிடையாது. காரணம் எழுதியிருந்த வரிகளுக்கு மட்டும் டிக் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.